312 வாக்குகளும் திறக்கப்படாத உறைகளும்

2008 டிசம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக் கவுண்டி அலுவலகங்களில், ஒட்டியது ஒட்டியபடியே கிடந்த உறைகளை ஊழியர்கள் ஐந்து குவியல்களாகப் பிரித்து அடுக்கினார்கள். எல்லாம் நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள். நிராகரிக்க அன்றைய மாநிலச் சட்டம் நான்கு காரணங்களைத்தான் ஏற்றது: உறையின் மேலுள்ள பெயரும் முகவரியும் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகாதது, கையெழுத்து விண்ணப்பித்தவருடையது அல்ல என்று தெரிவது, வாக்காளராகப் பதிவு செய்திராதது, அதே தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்திருப்பது. காரணத்துக்கு ஒன்றாக நான்கு குவியல். இந்த நான்கிலும் அடங்காமல், தேர்தல் ஊழியர்களின் பிழையால் மட்டுமே ஒதுக்கப்பட்ட உறைகளுக்கு ஐந்தாவது குவியல்.

அந்த ஐந்தாவது குவியலில் ஏறத்தாழ 1,350 உறைகள் சேர்ந்தன. அந்த வாரங்களில் அமெரிக்க செனட் இருக்கை ஒன்று யாருக்கு என்பது ஐம்பதுக்கும் இருநூறுக்கும் இடைப்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 29 லட்சம் பேர் வாக்களித்த தேர்தல் அது. அத்தனை வாக்குகளையும் இயந்திரம் ஒருமுறையும் மனிதக் கைகள் ஒருமுறையும் எண்ணிய பிறகும், விடை அந்த ஒட்டிய உறைகளுக்குள்தான் இருந்தது.

நெருக்கமான தேர்தல் என்றதும் எண்ணுவதில் வரும் தவறுதான் நமக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. இயந்திரம் கோளாறு செய்ததா, கட்டு மாறியதா, கூட்டலில் பிழையா என்று கேட்கிறோம். மினசோட்டாவின் எட்டு மாதப் போராட்டத்தை ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரிகிறது. எண்ணிக்கை அங்கே வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமாகத்தான் நடந்தது. சிக்கல் எண்ணுவதற்கு முந்தைய கட்டத்தில் இருந்தது. எதை எண்ணலாம், எதைத் தள்ளலாம் என்று முடிவு செய்யும் மேசையில் இருந்தது.

போட்டியிட்டவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கையில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் நார்ம் கோல்மன். செயின்ட் பால் நகரத்தின் முன்னாள் மேயர். ஜனநாயகக் கட்சியில் இருந்து 1996 இறுதியில் கட்சி மாறியவர். எதிர்த்து நின்றவர் அல் ஃபிராங்கன். ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எழுதியும் நடித்தும் பெயர் பெற்றவர். மினசோட்டாவில் ஜனநாயகக் கட்சிக்கு ‘ஜனநாயக விவசாயி தொழிலாளர் கட்சி’ என்று தனிப்பெயர் உண்டு. அதன் வேட்பாளர் அவர். மூன்றாவதாக இன்டிபென்டன்ஸ் கட்சியின் டீன் பார்க்லி. இவர் 15 விழுக்காடு வாக்குகளை வாங்கியதால்தான் மற்ற இருவரும் ஆளுக்கு 42 விழுக்காட்டுக்கு அருகில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்த இருக்கைக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. 2002 அக்டோபர் 25 அன்று, மறுதேர்தலுக்குப் பிரசாரம் செய்துகொண்டிருந்த செனட்டர் பால் வெல்ஸ்டன் விமான விபத்தில் இறந்தார். அவருக்குப் பதிலாக முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேல் அவசரமாக நிறுத்தப்பட்டு, கோல்மனிடம் தோற்றார். ஃபிராங்கன் வெல்ஸ்டனின் நண்பர். ஜனநாயகக் கட்சித் தொண்டர்களுக்கு அது கைநழுவிப்போன வெல்ஸ்டனின் நாற்காலி. மீட்டே ஆக வேண்டும் என்று இருந்தார்கள். ஆனால் ஃபிராங்கன் எளிதில் வெல்லக்கூடிய வேட்பாளராக இல்லை. அதே நாளில் மினசோட்டாவில் ஒபாமா பத்து விழுக்காட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் பெற்றதைவிட ஃபிராங்கன் பெற்றது ஏறத்தாழ 3.6 லட்சம் வாக்குகள் குறைவு. அவர் முன்பு எழுதிய ஆபாச நகைச்சுவைக் கட்டுரை ஒன்று தேர்தல் காலத்தில் தோண்டி எடுக்கப்பட்டது; வரி பாக்கிச் சர்ச்சையும் சேர்ந்துகொண்டது.

தமிழ் வாசகருக்கு இங்கே சிறு விளக்கம் தேவைப்படலாம். நம் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்க செனட்டர்களை 1913 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. நம்முடையதைப் போன்ற தேசியத் தேர்தல் ஆணையம் அங்கே தேர்தலை நடத்துவதில்லை. தேசிய அவைக்கான தேர்தல்தான் என்றாலும் வாக்குச்சீட்டு அச்சிடுவது முதல் முடிவை அறிவிப்பது வரை மாநிலத்தின் பொறுப்பு. மாநிலம் அதைக் கவுண்டிகளிடமும் நகராட்சிகளிடமும் ஒப்படைக்கிறது. மினசோட்டாவில் 87 கவுண்டிகள், நாலாயிரத்துக்கும் அதிகமான வாக்குச்சாவடிகள். ஒரே சட்டத்தை அத்தனை இடங்களில் அத்தனை பேர் படித்துப் புரிந்துகொண்டு செயல்படுத்த வேண்டும். பின்னால் வந்த வழக்கின் விதை இதில்தான் இருக்கிறது.

நவம்பர் 4 அன்று வாக்குப்பதிவு. மறுநாள் காலை கோல்மன் 725 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். அன்றே வெற்றியை அறிவித்தார். ஃபிராங்கனின் இடத்தில் தான் இருந்திருந்தால் மறு எண்ணிக்கை வேண்டாமென்று ஒதுங்கியிருப்பேன் என்ற பொருளிலும் பேசினார். ஆனால் இதில் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. வித்தியாசம் அரை விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அரசுச் செலவில் மறு எண்ணிக்கை நடந்தாக வேண்டும் என்று அன்றைய மாநிலச் சட்டம் சொன்னது.

மறு எண்ணிக்கைக்கு முன்பே வித்தியாசம் கரையத் தொடங்கியது. தேர்தல் இரவில் களைத்துப்போன ஊழியர்கள் தொலைபேசியில் சொல்லியும் கணினியில் தட்டியும் சேர்த்த எண்களைக் கவுண்டிகள் மறுநாள் முதல் சரிபார்த்தன. பைன் கவுண்டியின் பார்ட்ரிட்ஜ் என்ற சிற்றூரில் ஃபிராங்கனுக்கு விழுந்த 124 வாக்குகள் 24 என்று பதிவாகியிருந்தன. ஓர் ஒன்று விட்டுப்போனதால் நூறு வாக்குகள் காணாமல் போயின. இப்படிப் பல திருத்தங்களுக்குப் பிறகு நவம்பர் 18 அன்று கோல்மனின் முன்னிலை 215 ஆகக் குறைந்தது. இப்படிப்பட்ட திருத்தம் எல்லாத் தேர்தலிலும் நடப்பதுதான். வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த முறை ஊரே பார்த்தது. மினியாபொலிஸ் நகரத்தின் 32 தபால் வாக்குகள் யாரோ ஓர் அதிகாரியின் காரில் சுற்றிக்கொண்டிருந்ததாக ஒரு வதந்தி நாடெங்கும் பரவியது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தும் பல ஆண்டுகள் கழித்தும் அதை உண்மைபோல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மினசோட்டா தப்பித்ததற்கு முதல் காரணம் காகிதம். மாநிலம் முழுவதும் வாக்காளர் காகிதச் சீட்டில் நீள்வட்டத்தைக் கறுப்பாக்கி, தன் கையாலேயே ஸ்கேனர் இயந்திரத்தில் செலுத்துகிறார். இயந்திரம் எண்ணுகிறது, சீட்டு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதனால் நவம்பர் 19 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒவ்வொரு சீட்டையும் எடுத்துப் பார்க்க முடிந்தது. மேசைக்கு ஓர் ஊழியர். இரு பக்கமும் இரு தரப்புப் பார்வையாளர்கள். கோல்மனுக்கு ஒரு கட்டு, ஃபிராங்கனுக்கு ஒரு கட்டு, மற்றவர்களுக்கு ஒரு கட்டு. பார்வையாளர் யாராவது ஆட்சேபித்தால் அந்தச் சீட்டு தனி உறைக்குப் போகும்.

ஆட்சேபங்கள் 6,655. பெரும்பாலானவை வீம்புக்குச் செய்தவை; ஒரு தரப்பு ஆட்சேபிக்க ஆட்சேபிக்க மறு தரப்பும் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனது. பிறகு இரு தரப்பும் ஆயிரக்கணக்கில் திரும்பப் பெற்றுக்கொண்டன. எஞ்சிய ஏறத்தாழ 1,300 சீட்டுகளை மாநில வாக்குச் சரிபார்ப்பு வாரியம் டிசம்பர் 16 முதல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது.

அந்த வாரியத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பது முக்கியம். தலைவர் மாநிலச் செயலர் மார்க் ரிச்சி, ஜனநாயகக் கட்சிக்காரர். உடன் அமர்ந்த நால்வரும் நீதிபதிகள்: மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எரிக் மேக்னசன், அதே நீதிமன்றத்தின் பாரி ஆண்டர்சன், ராம்சி கவுண்டியின் கேத்லீன் கியரின், எட்வர்ட் கிளியரி. மேக்னசனும் ஆண்டர்சனும் குடியரசுக் கட்சி ஆளுநர் டிம் பாலென்டி நியமித்தவர்கள். கட்சிக்காரர் ஒருவர் தலைமை தாங்கும் வாரியத்தில் மாற்றுக் கட்சி ஆளுநர் நியமித்தவர்களையே உட்கார வைத்தது நல்ல முடிவு. இந்த வாரியத்தின் முடிவுகள் பெரும்பாலும் ஒருமனதாகவே அமைந்தன.

சட்டம் அவர்களிடம் கேட்டது வாக்காளரின் நோக்கத்தை. வட்டத்தைக் கறுப்பாக்காமல் டிக் அடித்திருந்தாலும், வட்டத்துக்கு வெளியே பெருக்கல் குறி போட்டிருந்தாலும், யாருக்கு என்று தெரிந்தால் எண்ண வேண்டும். ஆனால் வாக்காளர் தன் பெயரையோ கையெழுத்தையோ சீட்டில் போட்டிருந்தால் அடையாளம் தெரிந்துவிடுகிறது, அது செல்லாது. ஃபிராங்கனுக்குக் குறியிட்டுவிட்டு, வேறு பெயர் எழுதுவதற்கான கோட்டில் ‘பல்லி மனிதர்கள்’ என்று எழுதிவைத்தார் பெமிட்ஜியைச் சேர்ந்த ஒரு வாக்காளர். அப்படி ஒரு வேட்பாளரே இல்லை, ஆகவே ஃபிராங்கனுக்குத்தான் என்றது ஒரு தரப்பு; இரண்டு தேர்வு செய்துவிட்டார், ஆகவே செல்லாது என்றது மறு தரப்பு. வாரியம் செல்லாது என்றது. நாடே இதை வேடிக்கையாகப் பேசியது. எனக்கு அந்தக் காட்சியில் மதிப்புதான் தோன்றுகிறது. ஒரு மாநிலத்தின் தலைமை நீதிபதி ஒரு தனிமனிதர் போட்ட கிறுக்கலைக் கையில் எடுத்து, இவர் என்ன சொல்ல நினைத்தார் என்று எல்லோர் முன்னாலும் யோசிக்கிறார். வாரியத்தின் அமர்வுகள் இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாயின. மினசோட்டா பப்ளிக் ரேடியோவும் ஸ்டார் ட்ரிப்யூன் நாளிதழும் ஆட்சேபிக்கப்பட்ட சீட்டுகளின் படங்களை வெளியிட்டு, நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள் என்று வாசகர்களிடம் விட்டன. யாரும் எதையும் மறைக்கவில்லை.

ஓர் ஓட்டையும் வெளிப்பட்டது. மினியாபொலிஸில் பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு வாக்குச்சாவடியின் 133 சீட்டுகளைக் காணவில்லை. ஓர் உறை தொலைந்திருந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அவற்றை விட்டுவிட்டால் ஃபிராங்கனுக்கு நிகரமாக 46 வாக்குகள் நஷ்டம். அந்த மக்கள் வந்ததும் வாக்களித்ததும் இயந்திர நாடாவில் பதிவாகியிருந்ததால் தேர்தல் இரவு எண்ணிக்கையையே வைத்துக்கொள்ளலாம் என்று வாரியம் முடிவு செய்தது. சரியான முடிவு. ஊழியர் தொலைத்த உறைக்காக வாக்காளர் உரிமையை இழக்கக் கூடாது.

சீட்டுகள் எல்லாம் எண்ணி முடிந்தபோது கோல்மனின் 215 போய், ஃபிராங்கன் 49 வாக்குகள் முன்னே இருந்தார். இருபத்தொன்பது லட்சத்தில் 264 வாக்குகள் இடம் மாறியிருந்தன. பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. மனிதக் கையும் இயந்திரமும் இந்த அளவுக்கு ஒத்துப்போனது எண்ணிக்கையின் நேர்மைக்குச் சான்று. ஆனால் முடிவை மாற்ற அந்த 264 போதுமானதாக இருந்தது.

இனி அந்த ஐந்தாவது குவியல்.

மினசோட்டாவில் அப்போது யார் வேண்டுமானாலும் தபாலில் வாக்களித்துவிட முடியாது. வெளியூர்ப் பயணம், நோய், ஊனம் போன்ற காரணம் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். உறையின் மேல் கையெழுத்திட வேண்டும். அருகில் ஒரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சி மாநிலத்தில் பதிவு பெற்ற வாக்காளராகவோ நோட்டரியாகவோ இருக்க வேண்டும். அந்தத் தேர்தலில் வந்த தபால் வாக்குகளில் ஏறத்தாழ 12,000 நிராகரிக்கப்பட்டன. நிராகரித்தவர்கள் வாக்குச்சாவடியில் ஒரு நாள் வேலைக்கு வந்த ஊழியர்களும் நகராட்சி எழுத்தர்களும். ஒரு கவுண்டியில் சாட்சி பதிவு பெற்ற வாக்காளர்தானா என்று தேடிப் பார்த்தார்கள். இன்னொன்றில் கையெழுத்து இருந்தால் போதும் என்று விட்டார்கள். கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்குமே ஒற்றுமை இல்லை. வயதான ஒருவரின் கை நடுங்கியதால் மாறிப்போன கையெழுத்து, வேறு யாரோ போட்டதாகத் தெரிந்துவிடக்கூடும். தன் வாக்கு தள்ளப்பட்டது வாக்காளருக்குத் தெரியவும் தெரியாது. அவர் வாக்களித்துவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டில் இருப்பார்.

ஊழியர் பிழையால் தள்ளப்பட்டவற்றைத் திறந்து எண்ணுங்கள் என்று டிசம்பர் 12 அன்று வாரியம் கவுண்டிகளைக் கேட்டுக்கொண்டது. கோல்மன் தரப்பு மாநில உச்ச நீதிமன்றம் போனது. டிசம்பர் 18 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ஓர் உத்தரவு வந்தது: உள்ளூர் அதிகாரியும் இரு வேட்பாளர்களும் ஒப்புக்கொண்ட உறைகளை மட்டும் திறக்கலாம். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஆலன் பேஜ், யாருடைய வாக்கு எண்ணப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை வேட்பாளர்களிடமே கொடுப்பது தவறு என்று வாதிட்டார். அவர் சொன்னதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. இந்த எட்டு மாதங்களில் மினசோட்டா செய்த பெரிய தவறு இந்த உத்தரவுதான். ஊழியரே எங்கள் பிழை என்று ஒப்புக்கொண்ட வாக்கை, அது தனக்குச் சாதகமில்லாத பகுதியில் இருந்து வந்திருக்கிறது என்ற ஊகத்தில் ஒரு வேட்பாளர் தடுக்க முடிந்தது. இரு தரப்பும் அதைச் செய்தன. 1,350 உறைகளில் 953 மட்டுமே தேறின. அவற்றிலும் எண்ணத் தகுந்தவை 933.

2009 ஜனவரி 3 அன்று தலைநகர் செயின்ட் பாலில் அந்த 933 உறைகளைத் திறந்தார்கள். ஃபிராங்கனுக்கு 481, கோல்மனுக்கு 305. முன்னிலை 49இலிருந்து 225க்கு ஏறியது. இரண்டு நாள் கழித்து வாரியம் முடிவைச் சான்றளித்தது: 1,212,431, 1,212,206.

கோல்மன் மறுநாளே தேர்தல் வழக்குத் தொடுத்தார். அன்றுமுதல் இரு தரப்பும் இடம் மாறிக்கொண்டன. நவம்பரிலும் டிசம்பரிலும் நிராகரித்த தபால் வாக்குகளைத் திறக்க வேண்டும் என்று கேட்டவர் ஃபிராங்கன். கூடாது என்றவர் கோல்மன். ஜனவரியில் ஆயிரக்கணக்கான உறைகளைத் திறக்க வேண்டும் என்று கேட்டவர் கோல்மன். சட்டத்தை வரிக்கு வரி பின்பற்றியவற்றை மட்டுமே திறக்கலாம் என்றவர் ஃபிராங்கன். எல்லா வாக்கும் எண்ணப்பட வேண்டும் என்ற முழக்கம் பின்தங்கியவரின் வாயில் இருந்துதான் எப்போதும் வருகிறது. அதனால் அந்த முழக்கம் பொய்யாகிவிடாது. ஆனால் அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு வேட்பாளர்களிடம் இருக்கவே கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

வழக்கைக் கேட்க மூவர் அமர்வு அமைந்தது: எலிசபெத் ஹேடன், கர்ட் மார்பென், டெனிஸ் ரைலி. மூவரையும் நியமித்த ஆளுநர்கள் மூன்று வெவ்வேறு கட்சியினர். தலைமை நீதிபதி வாரியத்தில் இருந்ததால் விலகிக்கொள்ள, இவர்களைத் தேர்வு செய்தவர் ஆலன் பேஜ். ஜனவரி 26 அன்று தொடங்கிய விசாரணை ஏழு வாரம் நடந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் சாட்சி சொன்னார்கள். தங்கள் வாக்கு ஏன் தள்ளப்பட்டது என்று கேட்க வாக்காளர்களே கூண்டில் ஏறினார்கள். தபால் வாக்கு விண்ணப்பத்தில் தன் பெயரில் தன் தோழிதான் கையெழுத்திட்டார் என்று ஒருவர் ஒளிக்காமல் சொன்னார். அவருடைய கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று தள்ளிய ஊழியர் செய்தது சரிதான் என்பது அப்போது தெரிந்தது. அவர் பொய்யான வாக்காளரும் அல்ல. உறைக்குள் இருந்தது அவருடைய வாக்குதான். சட்டத்தின்படி செல்லாது, நியாயத்தின்படி செல்லும். இப்படிப்பட்ட வாக்கை என்ன செய்வது?

சட்டத்தை முழுதாகப் பின்பற்றியிருக்க வேண்டும் என்று பிப்ரவரி 13 அன்று அமர்வு உத்தரவிட்டது. ஏறக்குறைய பின்பற்றியிருந்தால் போதும் என்ற கோல்மனின் வாதம் எடுபடவில்லை. கடைசியில் 351 உறைகள் மட்டும் தகுதி பெற்றன. ஏப்ரல் 7 அன்று அவை நீதிமன்றத்தில் திறக்கப்பட்டன. ஃபிராங்கனுக்கு 198, கோல்மனுக்கு 111, மற்றவர்களுக்கு 42. வழக்குத் தொடுத்தவரின் பள்ளம் இன்னும் ஆழமானது. இறுதி வித்தியாசம் 312.

கோல்மனின் வலுவான வாதம் சமத்துவத்தைப் பற்றியது. 2000இல் ஃபுளோரிடா மறு எண்ணிக்கையை நிறுத்திய புஷ் எதிர் கோர் தீர்ப்பை அவருடைய வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஒரே மாதிரியான உறை ஒரு கவுண்டியில் ஏற்கப்பட்டு இன்னொரு கவுண்டியில் தள்ளப்பட்டிருக்கிறது. இது சம பாதுகாப்புக்கு முரண் என்றார்கள். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தது. ஆனால் 2009 ஜூன் 30 அன்று மாநில உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மறுத்தார்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி இருந்தது. அதைக் கையாண்டதில்தான் வேறுபாடு. யாரையும் ஒதுக்கும் நோக்கத்தோடு அது நடக்கவில்லை என்றார்கள். இரு தரப்பும் மோசடி நடந்ததாகக் குற்றம் சாட்டவில்லை என்பதையும் தீர்ப்பு குறித்து வைத்தது. அன்றே கோல்மன் தோல்வியை ஒப்புக்கொண்டு ஃபிராங்கனை வாழ்த்தினார். அன்று மாலையே ஆளுநர் பாலென்டி சான்றிதழில் கையெழுத்திட்டார். ஜூலை 7 அன்று ஃபிராங்கன் பதவியேற்றார்.

ஜனவரி தொடக்கத்தில் இருந்து அதுவரை மினசோட்டாவுக்கு ஏமி குளோபுச்சர் என்ற ஒரே செனட்டர்தான். விலை சிறியதல்ல. பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. பிப்ரவரியில் நிறைவேறிய பெரும் ஊக்கத்தொகைச் சட்டத்தில் மினசோட்டாவின் குரல் பாதிதான் ஒலித்தது. பதவியேற்ற ஃபிராங்கன் ஜனநாயகக் கட்சி அணியின் அறுபதாவது ஆள். செனட்டில் எதிர்க்கட்சியின் முடிவில்லா விவாதத்தை முறியடிக்கத் தேவையான எண்ணிக்கை அது. 2009 டிசம்பர் 24 அன்று மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செனட்டில் 60க்கு 39 என நிறைவேறியது. ஒரு மாதம்கூடப் போகவில்லை, மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் அந்த அறுபது உடைந்தது. லட்சக்கணக்கான அமெரிக்கர்களின் மருத்துவச் செலவு மினசோட்டாவின் அந்த உறைகளோடு பிணைந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. 1948இல் டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளரைத் தேர்வு செய்யும் இரண்டாம் சுற்றில் லிண்டன் ஜான்சன் 87 வாக்குகளில் வென்றார். ஜிம் வெல்ஸ் கவுண்டியின் 13ஆம் எண் பெட்டியில், வாக்குப்பதிவு முடிந்து பல நாள் கழித்துச் சுமார் இருநூறு பெயர்கள் அகர வரிசையில் சேர்க்கப்பட்டிருந்தன. ஜான்சன் பின்னாளில் அதிபரானார். 13ஆம் பெட்டி அவர் பெயரை விட்டு இன்றும் அகலவில்லை.

1974இல் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது வேறு மாதிரி. லூயிஸ் வைமன் முதலில் 355 வாக்குகளில் வென்றார். மறு எண்ணிக்கையில் ஜான் டர்கின் 10 வாக்குகளில் வென்றார். மாநில ஆணையம் பார்த்தபோது மீண்டும் வைமன், இம்முறை 2 வாக்குகளில். செனட் தேர்தல் வரலாற்றில் இதைவிட நெருக்கம் இல்லை. உறுப்பினரின் தேர்தலைத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்தந்த அவைக்கே என்கிறது அமெரிக்க அரசியல் சட்டம். ஆகவே வழக்கு செனட்டுக்குப் போனது. செனட்டில் இருந்த அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் வாக்குச்சீட்டுகளைப் பற்றிச் சண்டையிட்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட முறை வாக்கெடுத்து, எதுவும் தேறாமல் 1975 ஜூலை இறுதியில் இருக்கையைக் காலி என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் மறுபடி தேர்தல். டர்கின் 27,000க்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். இந்தப் பாதையை மினசோட்டா எடுக்கவில்லை. மாநில நீதிமன்றம் முடிக்கும்வரை சான்றிதழ் தர இயலாது என்று சட்டம் சொல்ல, அதையே எல்லோரும் ஏற்று நின்றார்கள். மாநிலத்துக்கு முன் அனுபவமும் இருந்தது. 1962 ஆளுநர் தேர்தல் 91 வாக்குகளில் முடிந்து, அதன் தீர்ப்பு அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் வந்தது. பொறுமையை அவர்கள் அப்போதே பழகியிருந்தார்கள்.

மறுதேர்தல் வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தூய்மையான வழிபோல் தோன்றும். ஆனால் மறுதேர்தல் வேறொரு நாளில் வேறொரு கூட்டம் சொல்லும் பதில். நவம்பர் 4 அன்று 29 லட்சம் பேர் சொன்னதைக் கண்டுபிடிப்பதுதான் அரசின் கடமை. அதற்கு எட்டு மாதம் ஆனாலும் சரி.

கற்றுக்கொண்டதை மினசோட்டா ஓரளவு செயலாக்கியது. 2010இல் சட்டத்தைத் திருத்தி, தபால் உறைகளைப் பயிற்சி பெற்ற தனிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. கையெழுத்தைக் கண்ணால் ஒப்பிடுவதற்குப் பதில் ஓட்டுநர் உரிம எண் போன்ற அடையாள எண்ணை ஒப்பிடுவது முதன்மையானது. பின்னர் காரணம் சொல்லாமலே தபாலில் வாக்களிக்கும் உரிமையும் 2014 தேர்தலில் இருந்து வந்தது. 2010 ஆளுநர் தேர்தலும் மறு எண்ணிக்கைக்குப் போனது. ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். டிசம்பர் 8 அன்று தோற்றவர் வழக்கில்லாமல் ஒதுங்கிக்கொண்டார்.

ஃபிராங்கன் 2014இல் பத்து விழுக்காட்டுக்கும் அதிகமான வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். பெண்கள் சிலர் பாலியல் அத்துமீறல் புகார்கள் எழுப்பியதை அடுத்து 2018 ஜனவரி 2 அன்று பதவி விலகினார். அது தனிக் கதை. 2008 எண்ணிக்கையின் நேர்மையை அது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சட்டத்தின்படி அந்தத் தேர்தலில் ஃபிராங்கன்தான் வென்றார். அதில் எனக்கு ஐயம் இல்லை. இறுதி எண்ணிக்கை 1,212,629, 1,212,317. ஆனால் நிராகரிக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 உறைகளில் ஜனவரியிலும் ஏப்ரலிலுமாகத் திறக்கப்பட்டவை 1,284 மட்டுமே. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி முறையான காரணத்தோடுதான் தள்ளப்பட்டிருக்கும். எல்லாம் அப்படி அல்ல என்பது விசாரணையிலேயே தெரிந்தது. வெற்றி வித்தியாசத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேலான அந்த உறைகளை, அவற்றுக்குள் யார் பெயருக்கு நேரே குறியிட்டிருந்தது என்று பார்க்க, எவரும் கடைசிவரை பிரிக்கவில்லை.